பாதிப் புல் நிலத்துக்கு

கையில் தாள் செருகின பலகையோடு வருகிறவர்களைக் கிறிஸ்துநாயகத்துக்குப் பிடிக்காது. எழுபத்திரண்டு வயதுக்குள் இரண்டு நாட்டில் அப்படி எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டார். வந்தவர்கள் எதையாவது எழுதிக்கொண்டு போனார்களே தவிர, எதையும் தந்துவிட்டுப் போனதில்லை. அதனால் அந்த ஏப்ரல் காலையில், முழங்கால் வரை ரப்பர் சப்பாத்துப் போட்ட ஒரு பெண், நெஞ்சோடு பலகையை அணைத்தபடி வேலிக் கதவான படலையடிச் சேற்றுக்குள்ளால் சளக்கு சளக்கென்று வந்தபோது, கொட்டிலில் பால் கறந்துகொண்டிருந்தவர் தலையைத் தூக்கவேயில்லை.

“வணக்கம் ஐயா. என் பேர் மஹதி. நிலத்துக்காரங்க ஆபீஸ்லேர்ந்து வர்றேன்.”

“இந்தியாவோ?”

“ஆமா. பொள்ளாச்சி.”

“அதுதானே பாத்தன்” என்றார். என்னத்தைப் பார்த்தார் என்று அவருக்கே தெரியாது.

இடம், லண்டனின் வடக்கு ஓரம். கிங்ஸ்பரியில் இருந்து இரண்டு பஸ் மாறி, கடைசித் தரிப்பிடத்தில் இறங்கி, வேலிக்கரையால் பத்து நிமிடம் நடந்தால் இருபத்துநாலு ஏக்கர் புல்வெளி. திறந்தவெளிகளைப் பராமரிக்கிற ஓர் அறக்கட்டளையின் காணி அது. ஆறு வருடத்துக்கு முன் ஒரு கோயில் சபை அதைக் குத்தகைக்கு எடுத்து மாடு வாங்கி விட்டது. பதினாலு உருப்படி. காலையில் கறக்கிற பால் வான் வண்டியில் ஏறி அபிஷேகத்துக்குப் போகும். சபையில் கணக்காளர் இருந்தார்கள், டொக்டர்கள் இருந்தார்கள், கடைக்காரர் இருந்தார்கள். மாட்டுக்குக் கிட்டப் போகத் தெரிந்த ஒருவர் இல்லை. தேடிப் பிடித்த ஆள்தான் கிறிஸ்துநாயகம். முல்லைத்தீவுப் பக்கம் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு மாடு பார்த்தவர். லண்டனில் இருபத்திரண்டு வருடம் சூப்பர்மார்க்கெட்டில் சாமான் அடுக்கி ஓய்வு பெற்றவர். கத்தோலிக்கர்.

‘வேதக்காரன் கோயில் மாடு பாக்கிறதோ’ என்று நாலு பேர் முணுமுணுத்தார்கள்.

“மாட்டுக்குச் சமயம் தெரியுமோ? இல்லாட்டி உங்களில ஆராவது விடிய அஞ்சு மணிக்குச் சாணி அள்ள வாறியளோ?” என்று சபைத் தலைவர் சிவானந்தன் கேட்டார். முணுமுணுப்பு அதோடு சரி.

மந்தைக்கு முன்னால் போகிற சிவப்புப் பசுவுக்குச் சபை வைத்த பெயர் காமாட்சி. ஆட்கள் இல்லாத நேரத்தில் கிறிஸ்துநாயகம் அதைத் திரேசம்மா என்று கூப்பிடுவார். அது இரண்டு பெயருக்கும் திரும்பிப் பார்க்கும். எதற்கும் சொன்னபடி கேளாது.

“லீஸ் அக்டோபரோட முடியுதுங்க ஐயா. தெரியுமில்ல?” என்றாள் மஹதி.

“சிவானந்தனுக்குத் தெரியும்.”

“அவருக்கு ரெண்டு லெட்டர் போட்டாச்சு. நிலம் இப்படியே கெடந்தா எங்க ஆபீஸ்ல மறுபடியும் தர மாட்டாங்க. அதைச் சொல்லத்தான் நேர்லயே வந்தேன்.”

அவள் கை நீட்டிய பக்கம் அவர் பார்த்தார். தினமும் பார்க்கிற இடம்தான். படலையில் இருந்து கொட்டில் வரைக்கும் இரண்டு ஏக்கரில் ஒரு புல் இல்லை. லண்டன் களிமண், மழை பெய்தால் குழைத்த மா, வெயில் அடித்தால் செங்கல். அதில் பதினாலு மாட்டின் குளம்பும் ஆறு வருடமாக மிதித்த குழிகள். தூரத்தில் சரிவுப் பக்கம் இதற்கு நேர்மாறு. தொட்டால் அரிக்கிற காஞ்சோண்டியும் முள்ளுச்செடியும் ஆளுயரத்துக்கு எழும்பி, நடுவில் பழைய புல் வைக்கோல் நிறத்தில் படுத்துக் கிடந்தது. ஒரு மாடு வாய் வைத்த அடையாளம் இல்லை.

“நிலத்துக்கென்ன? மழை பெய்யுது, சேறாக் கிடக்கு. வெய்யில் வரச் சரியாப்போம்.”

“ஆறு வருஷமா சரியாகலையே ஐயா. அந்தப் பக்கம் அவ்வளவு மேய்ச்சல் கெடக்கு, மாடெல்லாம் ஏன் கேட் பக்கமே நிக்குது?”

“மாடெண்டால் அப்பிடித்தான் பிள்ளை. நீங்கள் புத்தகத்தில படிச்சனீங்கள். நான் மாட்டோட படுத்தெழும்பினவன்.”

அவள் கோபிக்கவில்லை. “சரி. லீஸ் போச்சுன்னா இதுங்களை எங்க வச்சுப்பீங்க?”

அவர் மாடுகளைத் திரும்பிப் பார்த்தார். பதினாலில் ஐந்து, பால் வற்றிய கிழடுகள். மூன்று, காயடித்த எருதுகள். கோயில் மாடு என்பதால் ஒன்றையும் விற்றதில்லை. வேறு கோசாலைகளை விசாரித்தபோது இடமில்லை என்றுவிட்டார்களாம். ஒக்டோபரில் படலைக்கு வெளியே நிறுத்தினால் ஏற்றிக்கொண்டு போக லொறிக்காரன் வருவான். அவன் என்னத்துக்கு ஏற்றுவான் என்று கிறிஸ்துநாயகத்துக்குத் தெரியும். மாட்டிறைச்சி தின்னாத ஆள் இல்லை அவர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து நன்றாகவே தின்பார். ஆனால் பெயர் வைத்துக் கூப்பிட்ட மாடு அவருக்கு இறைச்சி இல்லை. அதில் அவர் சபைக் கொமிற்றிக்காரரை விடக் கடுமை.

பால் வாளியைத் தூக்கி வைத்துவிட்டு எழுந்தார். “இப்ப நான் என்ன செய்யவேணும் எண்டுறியள்?”

அவள் சொன்னாள். நிலத்தை நாற்பத்தெட்டுத் துண்டாகப் பிரிக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு துண்டில்தான் மாடு நிற்க வேண்டும். பின்னேரம் அடுத்த துண்டு. மேய்ந்து முடிந்த துண்டுக்குள் மறுபடி நாற்பத்தேழு நாளைக்கு ஒரு குளம்பும் படக் கூடாது.

“நாப்பத்தெட்டு வேலி ஆர் போடுறது? உங்கட கொப்பரோ?”

“எங்க அப்பாவுக்கு முதுகு வலிங்க” என்றாள் அவள். “வேலியெல்லாம் வேணாம். ரெண்டு கம்பி போதும், முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு. பேட்டரில ஓடுற கரண்ட். பிளாஸ்டிக் குச்சிங்களைக் கையாலயே பிடுங்கி நட்டுடலாம். இன்னொண்ணு ஐயா, புல்லோட மேல் பாதிதான் மாட்டுக்கு. கீழ் பாதி நிலத்துக்கு. ஒட்ட மேய விடக் கூடாது.”

“பாதிப் புல்லை விட்டிட்டு மாட்டைக் கலைச்சுக்கொண்டு போறதோ? மாடு என்னைச் செருப்பால அடிக்கும்.”

அவள் வாகனத்துக்குப் போய் ஒரு மண்வெட்டியோடு வந்தாள். மாடு எந்நேரமும் கரம்புகிற ஓரத்தில் ஒரு கட்டி வெட்டினாள். வேலிக்கு அப்பால், மாட்டு வாய் எட்டாத இடத்தில் இன்னொரு கட்டி. இரண்டையும் பிளந்து பக்கத்தில் வைத்தாள். முதல் கட்டியில் வேர் விரல்கட்டை அளவு. மற்றதில் ஒரு சாணுக்கு மேல், கூடவே நாலைந்து மண்புழு.

“மேல எவ்வளவு இருக்கோ, அவ்வளவுதான் கீழயும். மேல வழிச்சு எடுத்தா வேர் செத்துடும். வேர் செத்தா மழைத்தண்ணி உள்ள போகாது, மேலயே நிக்கும். அதுதான் இந்தச் சேறு.”

அவளாகப் பார்த்து வசதியான இடத்தில் வெட்டியிருப்பாள் என்றுதான் கிறிஸ்துநாயகம் நினைத்தார். அடுத்த நாள் தனியே வந்து, தன்பாட்டில் ஆறு இடத்தில் வெட்டிப் பார்த்தார். ஆறிலும் அவள் சொன்னதுதான். யாருக்கும் அதைச் சொல்லவில்லை. சிவானந்தனுக்குப் போன் எடுத்து, “உந்தக் கரண்டுக் கம்பி எண்டு ஏதோ இருக்காம், அதை எடுப்பியுங்கோ” என்று மட்டும் சொன்னார்.

உண்மையைச் சொல்லப்போனால், முல்லைத்தீவிலும் அவர் புல்லைப் பார்த்ததில்லை. அங்கே மாடு தானாகப் போகும், தானாக வரும். இந்தப் பக்கம் முடிந்தால் அந்தப் பக்கம். நிலம் முடியும் என்று யாரும் நினைக்கவில்லை. அவருக்கு மாடு தெரியும். மாட்டுக்குக் கீழே இருப்பது தெரியாது.

மே மாதம் கம்பி வந்தது. படலையடி இரண்டு ஏக்கரையும் வளைத்து அடைத்து, மஹதியின் ஆட்கள் உழுது புல் விதை போட்டார்கள். மிச்சத்தில் கிறிஸ்துநாயகம் மாட்டை விட்டார். முதல் நாள் திரேசம்மா கம்பியை மூக்கால் முகர்ந்து பார்த்து, துள்ளி விழுந்து, அவரை முறைத்தது. “என்னைப் பாராதை. உந்தப் பிள்ளைதான் போடச் சொன்னது” என்றார். மூன்றாம் நாள் மாடுகளுக்கு விளங்கிவிட்டது. பிறகு பின்னேரம் நாலு மணிக்குப் புதுத் துண்டின் பக்கம் வரிசையாக வந்து நிற்கத் தொடங்கின. முப்பது குச்சி பிடுங்கி முப்பது குச்சி நட வேண்டும். இடது முழங்கால் ஒவ்வொரு குச்சிக்கும் ஒருதரம் அவரை ஏசியது. ஆனாலும் ஒரு மாதத்தில் கண்ணுக்குத் தெரிந்தது. முதல் மேய்ந்த துண்டில் புல் ஒரு சாண் எழும்பி நின்றது. சரிவுப் பக்கத்து முள்ளுச்செடி மிதிபட்டுச் சரிந்தது. படலையடியில், ஆறு வருடம் கறுப்பாகக் கிடந்த மண்ணில், குழந்தைத் தலைமயிர் மாதிரிப் பச்சை அரும்பியது.

அப்போதுதான் ஜூன் மாத அமாவாசை வந்தது.

அமாவாசைக்கும் வெள்ளிக்கும் பசுவுக்குத் தீனி கொடுக்கச் சனம் வருவது சபையின் வழக்கம். கிங்ஸ்பரியில் இருந்து வசந்தமலர் வான் பிடித்துக் கூட்டிவருவார். பள்ளிக்கூடக் கன்ரீனில் வேலை செய்கிற, அறுபது கடந்த பெண்மணி. கணவர் இலங்கைச் சண்டையில் இறந்துபோனவர். அவருக்காக ஓர் அமாவாசையையும் தவறவிட்டதில்லை. சர்க்கரை சேர்த்து ஊறவைத்த அரிசி ஒரு வாளி, வாழைப்பழம் இரண்டு பெட்டி, கடையில் ஆனை விலைக்கு வாங்கின அகத்திக்கீரை. வான் படலையில் நின்று இரண்டு தரம் ஹோர்ன் அடிக்கும், மாடுகள் வரும், படலைக்கு மேலால் ஊட்டுவார்கள். வசந்தமலருக்குக் கால் இயலாமல் போனதால், ஏப்ரலில் இருந்து இரண்டு அமாவாசையையும் வெள்ளிகளையும் சபை கோயிலிலேயே செய்துவிட்டது. ஆகவே கம்பி போட்ட பிறகு வான் வந்தது இதுதான் முதல்தரம்.

ஹோர்ன் அடித்தது. சரிவில் நின்ற திரேசம்மா தலையைத் தூக்கியது. முன்னால் முழங்காலளவு புதுப் புல். அதை விட்டுவிட்டு, கரண்டாவது மண்ணாவது என்று கம்பியை இழுத்துக்கொண்டு ஓடியது. பின்னால் பதின்மூன்றும். விதைத்த இடத்து அடைப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. பச்சை அரும்பின இரண்டு ஏக்கருக்குள்ளாலும் ஐம்பத்தாறு குளம்பு.

“அம்மா ஓடி வாறா, பாருங்கோ! எவ்வளவு பாசம்!” என்று படலையில் ஒருவர் போனில் படம் எடுத்தார்.

கிறிஸ்துநாயகம் நொண்டி நொண்டி வந்து சேர்ந்தபோது அரிசி வாளி பாதி முடிந்திருந்தது.

“போடாதேங்கோ! நிப்பாட்டுங்கோ!”

“என்னண்ணை சத்தம்?” என்றார் வசந்தமலர். “பசுவுக்குக் குடுக்கிறது பாவமோ? உங்கட வேதத்தில அப்பிடியோ சொல்லிக் கிடக்கு?”

“என்ர வேதத்தை விடுங்கோ. கீழ பாருங்கோ. இதில முளைச்சு நிண்ட புல்லு எங்க?”

“புல்லு திரும்ப முளைக்கும். அமாவாசை திரும்ப வருமோ?”

“மாசாமாசம் வருகுது!”

பின்னால் நின்ற இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். வசந்தமலருக்கு முகம் சிவந்தது. கிறிஸ்துநாயகம் அதோடு விட்டிருக்கலாம். விடுகிற ஆள் இல்லை. மாடு ஏன் படலையிலேயே நிற்கிறது என்று ஏப்ரலில் மஹதி கேட்ட கேள்விக்குப் பதில் இப்போதுதான் அவர் கண்ணுக்கு முன்னால் நின்றது. ஆறு வருடமாக அதைக் காணாத வெட்கமும் சேர்ந்து வாய்க்குள் வந்துவிட்டது.

“இடுப்பளவு மேய்ச்சல் கிடக்க, ஒரு வாழைப்பழத்துக்காக விடியத் துடங்கிப் படலையில நிண்டு நிண்டுதான் இதுகள் இந்த நிலத்தைச் சேறாக்கினது. நீங்கள் மாட்டுக்குத் தீனி போடேல்லை மலர். பிச்சைக்குப் பழக்கி வைச்சிருக்கிறியள்.”

வசந்தமலர் கையில் இருந்த கீரைக் கட்டை வாளிக்குள் வைத்தார். வானில் ஏறினார். வான் போனது.

மஹதி அடுத்த நாள் வந்து பார்த்துவிட்டு நெடுநேரம் படலையில் கை வைத்து நின்றாள். “மறுபடி விதைக்கலாம். ஆனா இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா அக்டோபருக்குள்ள புல்லு பிடிக்காது ஐயா. ரிப்போர்ட்ல நான் பொய் எழுத முடியாது” என்றாள். சமையலறைக்குள் போய் வந்த எதையும் மாட்டுக்குப் போடுவது இந்த நாட்டுச் சட்டத்துக்கே பிழை என்றும் சொன்னாள். அது அவருக்கும் தெரியாது, ஆறு வருடமாகப் போட்ட சபைக்கும் தெரியாது.

அன்று பின்னேரமே படலைக்குச் சங்கிலி போட்டுப் பூட்டினார். இரண்டாம் நாள் சிவானந்தன் போனில் கூப்பிட்டார்.

“கிறிஸ்து அண்ணை, சனம் குழம்பிப்போய் நிக்குது. சங்கிலியை எடுங்கோவன்.”

“ஏலாது.”

“கொமிற்றியில சொல்லுகினம், ஒண்டில் சங்கிலி போகவேணும், இல்லாட்டி நீங்கள் விலகவேணுமாம்.”

“விலகிறன். நாளைக்கே விலகிறன். ஆனா ஒக்டோபரில மாட்டை ஆர் ஏத்திக்கொண்டு போவான், எங்க கொண்டுபோவான் எண்டதையும் கொமிற்றிப் புத்தகத்தில எழுதி வையுங்கோ. எழுதிப்போட்டுக் கையெழுத்தும் வையுங்கோ.”

“இருங்கோ அண்ணை, அவசரப்படாதேங்கோ” என்று சிவானந்தன் போனை வைத்துவிட்டார். சங்கிலி அப்படியே கிடந்தது. வெள்ளிக்கிழமை ஒரு வானும் வரவில்லை. சபையில் பலபேர் கோயிலில் அவரைப் பற்றிக் கதைத்த கதை பஸ் ஏறி அவர் காதுக்கு வந்தது. வேதக்காரனை வைத்தால் இப்படித்தான் என்றார்களாம். அவர் கம்பியை நட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த புதன்கிழமை வசந்தமலர் தனியே வந்தார். வானில் இல்லை, இரண்டு பஸ் மாறி. வாளி இல்லை, பெட்டி இல்லை. பூட்டின படலையால் வர முடியாமல், வேலிக்கரை ஒற்றையடிப் பாதையால் சுற்றிச் சரிவுப் பக்கம் வந்து நின்று மூச்சு வாங்கினார்.

“அண்டைக்கு நீங்கள் சொன்னதில எனக்குப் பொல்லாத கோவம்.”

“வரட்டும்.”

“மூண்டு நாள் சாப்பிடேல்லை.”

“உங்களுக்கு விரதம் பழக்கம்தானே.”

வசந்தமலர் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. பிறகு சிரிப்பு நின்றது. மாடுகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“சண்டை முடிஞ்சு எங்களை அடைச்சு வைச்ச முகாமில நானும் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான் அண்ணை. சாமான் லொறி வருமெண்டு. லொறி வராத நாளிலயும் நிண்டனான். அடுப்பில உலை கொதிக்கக் கொதிக்க விட்டிட்டும் வந்து நிண்டனான். பசியில இல்லை. நிண்டு பழகிப்போச்சு.”

கிறிஸ்துநாயகம் குனிந்து பேட்டரி வயரைத் தேவையில்லாமல் ஒருதரம் இறுக்கினார். தன் வாயில் இருந்து போன சொல் எங்கே போய்க் குத்தியிருக்கிறது என்று இப்போதுதான் தெரிந்தது. மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவர். “நில்லுங்கோ, நாலு மணியாகுது. பாத்திட்டுப் போங்கோ” என்றார்.

மாடுகள் கம்பிக்கு இந்தப் பக்கம் வரிசையாக வந்து நின்றன. அந்தப் பக்கம் புதுத் துண்டு, தீவனப்புல்லும் வெள்ளைப் பூப் பூத்த மூவிலைப் பூண்டும் தளதளவென்று கிடந்தன.

“இந்தக் கம்பியை நான் தூக்கட்டோ?”

“முதல்ல கரண்டை நிப்பாட்டுங்கோ. இல்லாட்டி அடுத்த அமாவாசை உங்களுக்குத்தான்.”

வசந்தமலர் பேட்டரியை நிறுத்தி, நாலு குச்சியைப் பிடுங்கிக் கம்பியை விலக்கிப் பிடித்தார். திரேசம்மா ஒருதரம் அவர் கையைப் பார்த்தது. கையில் ஒன்றும் இல்லை. அவரைத் தாண்டிப் போய்த் தலையைக் குனிந்தது. பின்னால் மற்றவை. பதினாலு வாயும் புல்லை முறிக்கிற சத்தம் தவிர அந்த வெளியில் வேறு சத்தமில்லை. அவர் கம்பியைப் பிடித்தபடியே நெடுநேரம் நின்றார்.

“அண்ணை, இதுவும் தீனி குடுக்கிறதுதானே?”

“வேற என்ன? படலையில ஆளுக்கொரு பழம் குடுத்தனீங்கள். இப்ப பதினாலு மாட்டுக்கும் ஒரேயடியா வயிறு நிறையக் குடுத்திருக்கிறியள்.”

“எத்தினை துண்டு இருக்கு?”

“நாப்பத்தெட்டு.”

“நாப்பத்தெட்டு நாளோ? அப்ப ஒரு மண்டலம்!”

“எங்களுக்குத் தவக்காலம் நாப்பதுதான்.”

“மிச்ச எட்டு நாளையும் நாங்கள் போட்டுக்கொள்ளுறம்” என்றார் வசந்தமலர். அந்த நேரமே போனை எடுத்துவிட்டார். சிவானந்தனோடு அவர் கதைத்ததைக் கிறிஸ்துநாயகம் கேட்டுக்கொண்டு நின்றார். கதைத்தார் என்று சொல்ல முடியாது, உத்தரவு போட்டார். நாற்பத்தெட்டுக் குடும்பம், ஆளுக்கொரு நாள். பின்னேரம் நாலு மணிக்கு வந்து பசுவுக்குப் புல் திறந்துவிடுவது. வெறுங்கை. படலைப் பக்கம் ஒருத்தரும் போகக் கூடாது, சரிவுப் பாதையால்தான் வர வேண்டும். ஹோர்ன் அடிக்கிற வான் வேண்டாம். குனிந்து நிமிரத் தெரிந்தவர்கள் குச்சி நட வேண்டும், கிழவர் மேற்பார்வை.

“ஆரைக் கிழவர் எண்டுறியள்?” என்றார் கிறிஸ்துநாயகம்.

“பின்ன, பிள்ளையெண்டோ சொல்லுறது?”

அவருக்கு நம்பிக்கை இல்லை. முதல் கிழமை வருவார்கள், இரண்டாம் கிழமை மழை என்பார்கள், மூன்றாம் கிழமை போனே எடுக்கமாட்டார்கள் என்று நினைத்தார். அது கொஞ்சம் சரியாகவும் இருந்தது. ஒரு டொக்டர் தன் நாளை மறந்துபோனார். இன்னொரு குடும்பம் வந்து, குச்சியைத் தலைகீழாக நட்டுவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போனது. ஆனால் கூட்டிப் பார்த்தால் வராத நாளை விட வந்த நாள் கூடுதல். அவருடைய முழங்காலுக்கு அந்த வித்தியாசம் தெரிந்தது.

உண்மையான சோதனை ஆடி அமாவாசை. தகப்பன் இல்லாதவர்களின் நாள். அன்றைக்கு வீட்டில் இருங்கள் என்று யாருக்கும் சொல்ல ஏலாது. அறுபது பேருக்கு மேல் வந்தார்கள். வெள்ளை வேட்டியும் பட்டுச் சேலையும் ரப்பர் சப்பாத்துமாகச் சரிவுப் பாதையால் வரிசையாக ஏறி வந்தார்கள். அத்தனை சனத்தைக் கண்டால் மாடு படலைக்கு ஓடும் என்று கிறிஸ்துநாயகம் பயந்தார். கீழே படலையடியில் இரண்டாம்தரம் விதைத்த புல் நாலு விரல் உயரத்தில் நின்றது. இன்னொரு ஓட்டம் ஓடினால் ஒக்டோபர் முடிந்தது, மாடும் முடிந்தது. மஹதியும் வந்து ஒதுங்கி நின்றாள். அவளுக்கும் அதே பயம் என்று முகத்தில் தெரிந்தது.

வசந்தமலர் கம்பியை விலக்கினார். மாடுகள் உள்ளே போயின. ஒன்று, இரண்டு, பத்து, பதின்மூன்று. திரேசம்மா மட்டும் நின்றது. மூக்கை உயர்த்தி முகர்ந்தது. பிறகு புல்லை விட்டுத் திரும்பி, கூட்டத்துக்குள் நேரே சிவானந்தனை நோக்கி நடந்தது. சனம் விலகி வழி விட்டது. சிவானந்தன் பின்னால் பின்னால் போனார். மாடு முன்னால் முன்னால் போனது. அவர் திரும்பிக் கீழே, படலைப் பக்கம் ஓடப் பார்த்தார்.

“கீழ போகாதையும்!” என்று கிறிஸ்துநாயகம் கத்தினார். “சிவானந்தன், பொக்கற்றுக்குள்ள என்ன?”

“ஒண்டுமில்லையண்ணை…”

“ஒண்டுமில்லாமலோ மாடு கலைக்குது?”

சபைத் தலைவர் அறுபது பேருக்கு முன்னால் கோட் பொக்கற்றில் இருந்து இரண்டு வாழைப்பழத்தை எடுத்தார். “எங்கட அப்பாவுக்கு… சும்மா ஒரு சாத்திரத்துக்கு…”

“அதை அந்தப் புதுப் புல்லுக்குள்ள எறியும். தூர எறியும்!”

அவர் எறிந்தார். பழம் புதுத் துண்டின் நடுவில் போய் விழுந்தது. திரேசம்மா திரும்பி அதைத் தேடிப் போனது. போன வழியில் மூவிலையில் வாய் வைத்தது. வைத்த வாயை எடுக்கவில்லை. யாரோ ஒரு பெண் சிரிக்கத் தொடங்க, கூட்டம் முழுவதும் சிரித்தது. சிவானந்தனும் சிரித்தார், வேறு வழி இல்லை. மஹதி கம்பியை இழுத்து மூடிக் கரண்டைப் போட்டாள்.

கோடை வறண்டது. பக்கத்துக் காணிகள் மஞ்சளாகிக் கிடந்தபோது, பாதிப் புல்லை விட்ட துண்டுகள் பச்சையாகவே நின்றன. கிறிஸ்துநாயகம் அதைக் கண்டார், கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. செப்டெம்பரில் மழை பெய்தது. தண்ணீர் மேலே நிற்காமல் உள்ளே போனது.

ஒக்டோபர் பத்தாம் திகதி மஹதியும் அவளுடைய ஆபீசில் இருந்து இரண்டு வெள்ளைக்காரரும் வந்து முழு நிலத்தையும் நடந்து பார்த்தார்கள். படலையடியில் ஒரு மூலை இன்னும் மொட்டையாகத்தான் கிடந்தது. அதன் முன் அவர்கள் நெடுநேரம் நின்று கதைத்தார்கள். கிறிஸ்துநாயகத்துக்கு அந்த ஆங்கிலத்தை ஓடிப்பிடிக்க முடியவில்லை. அன்றிரவும் அடுத்த நாலு இரவும் அவருக்குச் சரியான நித்திரை இல்லை. லொறிக்காரனிடம் திரேசம்மாவை மட்டும் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தார். கிங்ஸ்பரியில் மேல்மாடி அறையில் இருக்கிற மனிதன் மாட்டை எங்கே கட்டுவது என்று யோசித்து அந்த முடிவையும் விட்டார்.

ஐந்தாம் நாள் மத்தியானம் மஹதி தனியே வந்தாள். கையில் கடித உறை.

“நான் வாசிக்கமாட்டன். நீர் வாசியும்.”

“ஒரு வருஷம் குடுத்திருக்காங்க ஐயா.”

“ஒரு வருசமோ? அஞ்சு வருசம் அல்லோ கேட்டது?”

“அந்த மூலை இன்னும் புல்லு பிடிக்கலை. அதனால ஒரு வருஷம். அடுத்த அக்டோபர்ல மறுபடி பார்ப்பாங்க. பதினாலு மாட்டுக்கு மேல சேர்க்கக் கூடாது. கேட் பக்கம் தீனி கூடவே கூடாது.”

“உங்கட ஆக்களுக்கு எங்களில நம்பிக்கை இல்லைப் போல.”

“உங்களுக்கு எங்க மேல எவ்வளவு இருக்கோ, அவ்வளவு இருக்கு.”

கிறிஸ்துநாயகம் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சத்தமாகச் சிரித்தார். மேல்வரிசையில் இரண்டு பல் இல்லாதது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. சிரித்து முடித்துச் சேர்ட் கையால் கண்ணைத் துடைத்தார். அது சிரிப்பால் வந்த தண்ணீர் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

“சரி, மழைகாலம் வருகுது” என்றார். “புல்லு வளராது. நிலம் ஊறிப்போம். கொட்டிலடியில மாட்டை நிப்பாட்டினால் மாசிக்குள்ள திரும்ப இரண்டு ஏக்கர் சேறு. அதுக்கென்ன செய்யிறது?”

“அதைப் பத்திப் பேசத்தான் நானும்…”

“பொறும். அந்த வடக்கு மேட்டைப் பாத்தனீரோ? மழை விட்டால் முதல்ல காயிறது அதுதான். ஒரு மாசமாக் கவனிச்சுக்கொண்டு வாறன். அதில வைக்கோல் போட்டு, தண்ணித்தொட்டியையும் மேல ஏத்தினால், மாடு கீழ இறங்கத் தேவையில்லை. அந்த மூலையும் பிழைச்சுப்போம். சரியோ பிழையோ, நீர்தான் சொல்லவேணும்.”

மஹதி மேட்டைப் பார்த்தாள். பதில் சொல்வதற்குள் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறத் தொடங்கிவிட்டார்.

“கெதியா வாரும் பிள்ளை. நாலு மணிக்குச் சனம் வந்திடும்.”